வசனம் முதலா, படம் முதலா? ஏற்காடு பஸ் பக்கத்தில் கண் இடறுகிறது

குகை_கோடு:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் குகை என்ற பகுதியிலிருந்து எழுதுகிறேன். எட்டுப் பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வரைந்துகொண்டிருக்கிறேன். ஏ4 தாள்களை மடித்து, நடுவில் பின் அடித்து, கையடக்கப் புத்தகமாக்கித் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க எண்ணம்.

கதை இதுதான். ஓர் ஆயாவும் ஒன்பது வயதுப் பேத்தியும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகிறார்கள். ஆயா சிறுவயதில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். தான் பிறந்த லைன் வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று பல வருட ஆசை. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. அவர் நட்ட கமலா ஆரஞ்சு மரம் மட்டும் நிற்கிறது.

மூன்றாம் பக்கத்தில் ஏழு கட்டங்கள், வசனம் எழுதும் பலூன்கள் பதினான்கு. வரைந்து முடித்ததும் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியிடம் கொடுத்து, விரலை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். விரல் மூன்று இடத்தில் தடுமாறியது.

முதல் கட்டத்தில் கண்டக்டர் வலப்பக்கம், ஆயா இடப்பக்கம். கண்டக்டர் "எத்தனை டிக்கெட்?" என்று கேட்க வேண்டும், ஆயா "ஒன்றரை" என்று சொல்ல வேண்டும். தம்பி "ஒன்றரை" என்பதை முதலில் படித்துவிட்டுக் கேள்விக்குப் போனான். நடு வரிசையில் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறு கட்டங்கள், வலப்பக்கம் உயரமாக ஒரு கட்டம். அவன் மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவி, பிறகு நான்குக்குத் திரும்பி வந்தான். கடைசிக் கட்டத்தில் குழந்தைக்குக் குமட்டுகிறது, ஆயா அதன் கையில் எலுமிச்சம்பழத்தை வைக்கிறார். தம்பி வசனத்தையெல்லாம் படித்தான், பழத்தைப் பார்க்கவே இல்லை.

நான்காம் பக்கம் இன்னும் மோசம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே பக்கத்தில் காட்ட ஆசைப்பட்டு, பாதையை அடியிலிருந்து மேலே ஏறுவதாக வரைந்து, வளைவுக்கு வளைவு சிறு பலூன்கள் வைத்தேன். தம்பி மேலே இருந்து தொடங்கிவிட்டு, "அக்கா, பஸ் இறங்குகிறதா?" என்று கேட்டான். இரண்டு வாரம் உட்கார்ந்து மை போட்ட பக்கம் அது.

வசனத்தை முழுவதும் எழுதி முடித்துவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டுமா? அல்லது படத்தை முடித்துவிட்டுப் பலூன்களுக்கு இடம் தேட வேண்டுமா? நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

அச்சுக்கூடம்:

வாருங்கள் தங்கை. தம்பியின் விரலை நம்பியது நல்ல காரியம். நான் அச்சகத்தில் எழுத்து பொருத்தும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். அந்த வேலை கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு: வாசகரின் கண் முதலில் எழுத்துக்குப் போகும், பிறகுதான் முகத்துக்கு வரும். பலூனிலிருந்து பலூனுக்கு அது ஒரு வழி போட்டுக்கொண்டு நடக்கும். அந்த வழியில் இருப்பதைப் பார்க்கும். வழிக்கு வெளியே இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பிவிடும்.

உங்கள் எலுமிச்சம்பழம் அப்படித்தான் தப்பியது. அந்தக் கட்டத்தின் மூன்று பலூன்களும் மேல் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன என்று நினைக்கிறேன். கண் மேலேயே நடந்து வலப்பக்கமாக வெளியேறிவிட்டது. ஒரு பலூனை இடது மேல் மூலையில் வையுங்கள். அடுத்ததை வலது கீழ் மூலைக்கு இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவே கண் சரிந்து இறங்கும் கோட்டில் அந்தக் கையும் பழமும் இருக்கட்டும். மூன்றாவது பலூன் அநேகமாகத் தேவைப்படாது.

நடு வரிசையில் நீங்கள் போட்டிருப்பது பலரும் விழுகிற பள்ளம். மூன்றாம் கட்டத்தின் வலது விளிம்பில் முடிந்த கண், பக்கத்தில் கதவு திறந்திருந்தால் அங்கேதான் நுழையும். எளிய வழி, உயரமான கட்டத்தை இடப்பக்கம் கொண்டுவந்து, சிறிய இரண்டையும் வலப்பக்கம் அடுக்குவது. அப்போது குழப்பத்துக்கே இடமில்லை. இப்போதிருக்கும் அமைப்புதான் வேண்டும் என்றால், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை மிகக் குறுக்கி, உயரக் கட்டத்துக்கு முன்னால் உள்ள இடைவெளியை அகலப்படுத்துங்கள். அதோடு மூன்றாம் கட்டத்தின் கடைசிப் பலூனைக் கீழ்க்கோட்டைத் தாண்டி நான்காம் கட்டத்துக்குள் கொஞ்சம் தொங்கவிடுங்கள். ஓடைமேல் போட்ட பலகைபோல் அந்தப் பலூன் கண்ணைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கண்டக்டர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில் பஸ் எந்தத் திசையில் போகிறது? இடமிருந்து வலமாக என்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் வலப்பக்கம் பார்த்திருப்பார்கள். பஸ்ஸின் பின்புறம் படத்தின் இடப்பக்கம் வரும். கண்டக்டரைப் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வரச் செய்யுங்கள். அவர் தானாகவே இடப்பக்கம் நிற்பார், கேள்வி முதலில் வரும், ஆயா திரும்பிப் பார்த்து "ஒன்றரை" என்பார். முதலில் பேசுபவர் இடப்பக்கம் என்பது முடிவானால் யார் எங்கே உட்கார வேண்டும், கேமரா எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானே முடிவாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், பென்சில் கோடு போடுமுன் வசனம் கையில் இருக்க வேண்டும். தீப்பெட்டி அளவில் பக்கத்தின் சிறுவரைவைப் போட்டு, அதில் முதலில் பலூன்களை மட்டும் முட்டை முட்டையாகப் போட்டுப் பாருங்கள். ஆட்களை அப்புறம் வரையலாம்.

கரிக்கோல்:

அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பட மாட்டேன். வசனத்தை முடித்துவிட்டுப் படத்தைத் தொடங்குபவர், பேசுகிற தலைகளை வரைகிறவராக ஆகிவிடுவார். பலூனுக்கு இடம் விட்டு விட்டு, மிச்சமுள்ள மூலையில் ஆளை ஒடுக்கி வைத்த பக்கங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

1960களில் அமெரிக்காவில் மார்வல் காமிக்ஸ் நிறுவனத்தில் எழுத்தாளர் ஸ்டான் லீ கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார், ஜாக் கிர்பி போன்ற ஓவியர்கள் பக்கத்தை முழுவதும் வரைந்து அனுப்புவார்கள், அதன்பிறகுதான் வசனம் எழுதப்பட்டது. 'மார்வல் முறை' என்றே அதற்குப் பெயர். அந்தப் பக்கங்களில் உடல்கள் பேசுகின்றன. தங்கை படத்தை முதலில் வரைந்தது தவறில்லை. படம் சொல்லிவிட்டதை வசனத்தில் திரும்பச் சொன்னதுதான் சிக்கலாக இருக்கும் என்று தோன்றுகிறது. பதினான்கு பலூன்களில் என்ன இருக்கிறது என்று காட்ட முடியுமா?

பழைய_பக்கம்:

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே தமிழ் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை.

1972இல் சிவகாசியிலிருந்து, வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்கி, முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாதி விலைக்கு வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை இப்போது பூதக்கண்ணாடியோடு பார்க்கும்போது ஒன்று புரிகிறது. வேறு மொழியின் எழுத்துக்கு அளந்து வரைந்த பலூனுக்குள் தமிழைக் குடியேற்ற அந்த எழுத்தர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று. ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து. மேலேயும் கீழேயும் எதுவும் நீளாது, வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்குக் 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும். இரண்டும் மேல்வரியிலும் கீழ்வரியிலும் இடித்துக்கொள்ளும். தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். நான்கு வரி ஆங்கிலம் நின்ற உயரத்தில் மூன்று வரி தமிழ்தான் மூச்சுவிட்டு நிற்கும்.

சொற்கணக்கும் நமக்குப் பொருந்தாது. சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியர் மார்ட் வைசிங்கர் ஆறு கட்டப் பக்கத்தில் கட்டத்துக்கு 35 சொல், பக்கத்துக்கு 210 சொல் என்று ஓர் எல்லை வைத்திருந்ததாகக் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் சொல்லியிருக்கிறார். அதை நம் பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 'வரவேண்டியிருந்ததால்தான்' என்பது தமிழில் ஒரே சொல், பதின்மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் அது அரை வாக்கியம். தமிழில் 35 சொல் போட்டால் கட்டத்தில் படத்துக்கு இடமே இருக்காது. சொல்லை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள். என் கணக்கு: பலூனுக்கு நான்கு வரி, வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து. அதைத் தாண்டினால் இரண்டு பலூனாகப் பிரித்துவிடுவேன்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. இளைஞர்கள் பலர் மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள், அதனால் பலூனை ஒல்லியாக, உயரமாக வரைகிறார்கள். ஜப்பானியம் அந்தப் பக்கங்களில் மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது, அவர்களுக்கு அது சட்டை தைத்ததுபோல் பொருந்தும். தமிழை அதற்குள் போட்டால் 'போய்க்கொண்டி' என்று ஒரு வரி, 'ருக்கிறேன்' என்று அடுத்த வரி. சொல் நடுவில் முறிந்தால் காதில் விழும் குரலும் முறிகிறது. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்குவதைக் கண்டால் எனக்குப் பக்கத்தை மூடிவிடத் தோன்றும். தமிழுக்குப் படுத்த பலூன்தான் சரி. மாங்காயைப் படுக்க வைத்ததுபோல் அகன்று இருக்கட்டும். முதல் வரி சிறிது, நடு வரிகள் நீளம், கடைசி வரி சிறிது.

குகை_கோடு:

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கண்டக்டர் பின்னாலிருந்து வருவது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவரை வலப்பக்கம் வைத்ததற்கு அந்த மூலை காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

கரிக்கோல் அண்ணா கேட்டதற்காக, எனக்கே கூச்சமாக இருக்கும் ஒரு பலூனைக் காட்டுகிறேன். மூன்றாம் பக்கத்திலிருந்து இல்லை, கதையின் முக்கியமான இடத்திலிருந்து. ஐந்தாம் பக்கத்தில் கமலா மரத்தின் முன்னால் ஆயா நிற்கிறார். பேத்தி கேட்கிறாள்: "வீடு எங்கே, ஆயா?" ஆயா சொல்வது:

"இந்த இடத்தில்தான் நாங்கள் குடியிருந்த லைன் வீடு இருந்தது. உன் வயதில் நான் இங்கேதான் விளையாடுவேன். அப்போது இந்தக் கமலா மரத்தை என் கையால் நட்டேன். இன்று வீடு போய்விட்டது, மரம் மட்டும் தனியாக நிற்கிறது. பார்க்கும்போது மனம் கனக்கிறது."

எழுதும்போது அழுதுகொண்டேதான் எழுதினேன். எதை வெட்டுவது என்று தெரியவில்லை.

சலங்கைமணி:

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு வேலை. நான் தாத்தாவைப் பற்றி நான்கு பக்கம் வரைந்தேன், அதில் மொத்தமே ஒன்பது சொற்கள்தான்.

தாத்தா ஒரு கண்ணியைப் பற்றவைப்பதைச் சொல்கிறேன். வளைத்த வெள்ளிக் கம்பியின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பொடியை வைப்பார். ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரை அங்கே திருப்புவார். மூக்கு நுனியில் வியர்வை ஒரு சொட்டு தொங்கும், அவர் அதைத் துடைக்க மாட்டார். பொடி உருகி ஓடி இணைப்பில் இறங்கும் அந்த ஒரு நொடியில் அவர் மூச்சு நிற்கும். நான் அதற்கு மூன்று கட்டங்கள் கொடுத்தேன். ஒரே அளவு, ஒரே கோணம், வசனம் இல்லை. முதலில் வசனம் எழுதியிருந்தேன், "இது கவனமான வேலை, மூச்சு தவறினால் கெட்டுவிடும்" என்று. அதை எடுத்தபிறகுதான் அவர் மூச்சு நின்றதே தெரிந்தது. வசனம் இருக்கும் கட்டத்தில் பேசி முடிக்கும் அளவுக்கு நேரம் ஓடுகிறது. வசனம் இல்லாத கட்டத்தில் நேரம் வாசகர் கையில் இருக்கிறது.

தங்கை, உங்கள் பலூனை எடுத்துக்கொள்கிறேன். வீடு இல்லை என்பதை நீங்கள் வரைந்திருக்கிறீர்கள், அதைச் சொல்ல வேண்டாம். மரம் தனியாக நிற்பதையும் வரைந்திருக்கிறீர்கள். மனம் கனப்பதை ஆயாவின் தோள் சொல்ல வேண்டும், அது உங்கள் கையில் இருக்கிறது. விளையாடியது முந்தைய பக்கங்களில் எங்காவது தெரிந்திருக்கும். படத்தில் வரைய முடியாத ஒன்றுதான் மிஞ்சுகிறது, அந்த மரத்தை நட்டது யார் என்பது. ஆகவே,

"நான் நட்டது."

இவ்வளவுதான். பட்டறையில் பொடி வைத்து ஊதுவோம். பேச்சில் ஒருவர் பொடி வைத்துப் பேசினார் என்பார்கள். அந்தச் சிட்டிகை அளவுதான் வசனம். அள்ளிக் கொட்டினால் இணைப்பு முழுக்கக் கட்டி தட்டிவிடும், அரம் வைத்து ராவ வேண்டியிருக்கும்.

அச்சுக்கூடம்:

அருமையாகச் சொன்னீர்கள். நான் ஒன்றைச் சேர்க்கிறேன், இது அவசரம். தங்கை, மரம் ஐந்தாம் பக்கத்தில் வருகிறது என்றீர்கள். அது கூடாது.

மடித்துப் பின் அடித்த எட்டுப் பக்கப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்பக்கம் விழும். திறந்தால் இரண்டும் மூன்றும் சேர்ந்து தெரியும். புரட்டினால் நான்கும் ஐந்தும், அடுத்து ஆறும் ஏழும். பஸ் இன்னும் நான்காம் பக்கத்தில் மலையேறிக்கொண்டிருக்கும்போதே, வாசகரின் ஓரக்கண்ணில் ஐந்தாம் பக்கத்து மரம் விழுந்துவிடும். வீடு இல்லை என்பது ஆயாவுக்கு முன்னால் வாசகருக்குத் தெரிந்துவிடும். எதிர்பாராதது எதுவானாலும் புரட்டியதும் வரும் இடப்பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு அது ஆறாம் பக்கம். கேள்வி ஐந்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கட்டும்: "வீடு எங்கே, ஆயா?" தாள் புரளும் அந்தச் சிறு நேரம் உங்களுக்குக் கிடைக்கிற இலவச மௌனம்.

மூன்றாம் பக்கத்துக் கடைசியிலும் இப்படி ஒரு கேள்வி வைக்கலாம். குழந்தை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு "இன்னும் எத்தனை வளைவு?" என்று கேட்கட்டும். புரட்டினால் முழு மலை.

எழுத்தளவையும் பாருங்கள். ஏ4 அளவில் வரைந்து ஏ5க்குச் சுருக்கும்போது நீள அகலம் ஏறத்தாழ 70 சதவீதமாகும். நீங்கள் 12 புள்ளியில் எழுதினால் அச்சில் எட்டரைப் புள்ளிதான் நிற்கும். ஆயாவின் வயதுள்ள ஒருவர் அதை வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மிளகுக்கொடி:

நான் ஏற்காட்டிலேயே இருப்பவள், பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். நான்காம் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் வருகிறேன்.

தங்கை, உங்கள் தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. மலை ஏறுவது மேல்நோக்கி, தமிழ் வாசகரின் கண் இறங்குவது கீழ்நோக்கி. அடிவாரத்தில் நின்று மலையைப் பார்ப்பவராக நீங்கள் வரைந்திருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் முதல் வளைவு தாளின் அடியிலும் இருபதாவது வளைவு தாளின் உச்சியிலும்தான் வரும். எண் போட்டாலும், அம்புக்குறி போட்டாலும், கண் மேலிருந்துதான் தொடங்கும். பழக்கத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது.

நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். இங்கே லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு வாருங்கள். அங்கே பாறை விளிம்பில் நின்று கீழே பாருங்கள். சேலம் நகரம் தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பது படத்தில் எங்கே வரும்? மேலே, அடிவானத்துக்குப் பக்கத்தில். மலைப்பாதை உங்களை நோக்கி வளைந்து வளைந்து வருகிறது. பக்கத்தில் வர வர அது படத்தின் அடிப்பகுதிக்கு இறங்கி வருகிறது. கடைசி வளைவு கிட்டத்தட்ட உங்கள் காலடியில். அதாவது பஸ் மலை ஏறுகிறது, ஆனால் தாளில் மேலிருந்து கீழே வருகிறது. கண்ணும் அதனோடு வரும். மேலே கடுகு அளவில் தொடங்கும் பஸ், கீழே வரும்போது ஜன்னலில் குழந்தையின் முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிடும். குளிரும் உயரமும் கூடுவதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மேல் பாதியில் வெயிலடித்த சமவெளி, கீழ் பாதியில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிகளும்.

இருபது வளைவுகளையும் வரையாதீர்கள். ஐந்து போதும். மற்றவை மரங்களுக்குப் பின்னால் மறைந்துபோகட்டும். உண்மையிலேயே அங்கிருந்து எல்லா வளைவும் தெரியாது.

கரிக்கோல்:

அக்கா, இதைப் படித்துவிட்டு உடனே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். உங்கள் கோணம் வேலை செய்கிறது. போடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாதை கோணல்மாணலாகத்தானே வருகிறது? ஒரு நீட்டு இடமிருந்து வலமாக, வளைவு, அடுத்த நீட்டு வலமிருந்து இடமாக. முதலில் எனக்குப் பயமாக இருந்தது, வலமிருந்து இடமாகப் போகும் பஸ் கண்ணுக்கு எதிராகப் போகுமே என்று. பிறகு யோசித்தேன். நாம் ஒரு வரியைப் படித்து முடித்ததும் கண் என்ன செய்கிறது? வலது கோடியிலிருந்து இடது கோடிக்குச் சரிந்து திரும்புகிறது. அந்தத் திரும்பலில் நாம் எதையும் படிப்பதில்லை. மலைப்பாதையும் அதையேதான் செய்கிறது. ஆகவே பலூன்களை வலப்பக்கம் ஓடும் நீட்டுகளில் மட்டும் வைக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும் நீட்டுகளைப் பேச்சில்லாமல் விட்டுவிட வேண்டும். வளைவில் மட்டும் ஹாரன். 'பாம்ம்ம்' என்ற எழுத்தையே வளைவோடு வளைத்து எழுதினால் அது கண்ணைப் பிடித்துத் திருப்பிவிடும்.

இதை வசனத்தாளில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கையில் கரியோடு பாதையை இழுத்தபோதுதான் தெரிந்தது. அதனால் படம் முதலில் என்ற என் கட்சியை நான் விடவில்லை. ஆனால் பலூன் எங்கே நிற்கும் என்று தெரியாமல் அந்தப் பாதையை முடித்திருக்கவும் முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_பக்கம்:

அந்த மூன்று வலப்பக்க நீட்டுகளிலும் வசனம் ஒவ்வொரு வரிக்கு மேல் வேண்டாம். மேலே பஸ் சிறிதாக இருக்கும்போது பலூனும் சிறிதாக, எழுத்தும் சிறிதாக. நெருங்க நெருங்க எழுத்து பெரிதாகட்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. குரலின் உயரத்தைக் காட்ட நமக்கு இருப்பது அளவும் தடிமனும்தான். தூரத்துப் பேச்சைச் சிறிதாக எழுதினால் அது காதில் தூரமாகவே விழும்.

குகை_கோடு:

அக்கா, நேற்று இதைப் படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குத் தூக்கமே வரவில்லை. சிறுவரைவு பதினொன்று போட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல். மரம் ஆறுக்குப் போய்விட்டால் ஐந்தாம் பக்கம் காலியாகிறது. இறங்கி நடப்பதை வைக்கலாம் என்று இருக்கிறேன். பனிமூட்டத்தில் ஆயாவும் குழந்தையும் தோட்டத்துப் பாதையில் நடக்கிறார்கள். ஆனால் நான்காம் பக்கம் முழுக்க விவரங்கள், ஐந்திலும் விவரங்கள் இருந்தால் கண் களைத்துப்போகாதா?

சலங்கைமணி:

களைத்துப்போகும். ஐந்தை வெள்ளையாக விடுங்கள். சேலத்துக் குழந்தை, காலில் கொலுசு இருக்குமே! பனியில் ஆள் தெரிய வேண்டாம். ஆயாவின் முதுகு மட்டும் இடது மேல் மூலையில், பாதி கரைந்து. குழந்தை முன்னால் ஓடுகிறாள், அவளை வரையவே வேண்டாம். 'சல் சல் சல்' என்ற எழுத்து மட்டும் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு வளைவாக, போகப் போகச் சிறுத்து, கடைசியில் நின்றுவிடட்டும். அது நின்ற இடத்தில், வலது கீழ் மூலையில் ஒரே ஒரு பலூன்: "வீடு எங்கே, ஆயா?"

தடதட, சலசல, கிலுகிலு என்று நம் மொழியில் ஒலிச்சொல் கொட்டிக் கிடக்கிறது. அவற்றை அலங்காரமாகப் படத்தின் மேல் ஒட்டாமல் வழியாகப் போடலாம். கொலுசு சத்தம் சிறுத்தால் குழந்தை தூரமாகிறாள், சத்தம் நின்றால் அவள் எதையோ பார்த்து நின்றுவிட்டாள். வாசகர் தாளைப் புரட்டும்போது கைவிரலில் அந்தக் கேள்வி இருக்கும்.

பலூனின் வால் பனிக்குள் போகட்டும். எந்த வாயையும் அது தொட வேண்டாம்.

அச்சுக்கூடம்:

இதற்கு மேல் ஐந்தாம் பக்கத்தில் ஒரு கோடும் போடாதீர்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: நகல் எடுக்கும் கடையில் வெளிர் சாம்பல் நிறம் சில நேரம் முற்றிலும் மறைந்துவிடும், சில நேரம் அழுக்காக விழும். எனக்குத் தெரிந்த ஒருவரின் பனிப் பக்கம் கரிப்புகையாக வந்தது. ஆயாவின் முதுகைச் சாம்பல் பூச்சில் காட்டாமல், விட்டுவிட்டுப் போன மெல்லிய மைக்கோடாகக் காட்டுங்கள். ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை எடுங்கள்.

குகை_கோடு:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு பக்கங்களைப் புதிதாகப் பென்சிலில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் இப்போது ஆறு கட்டங்கள், எட்டுப் பலூன்கள். முதலில் வெறும் பலூன்களை மட்டும் வெட்டியெடுத்த தாள்துண்டுகளாகப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். உயரமான கட்டம் இடப்பக்கம் வந்துவிட்டது. கண்டக்டர் பின்னாலிருந்து வருகிறார். அவர் கை ஆயாவின் தோளுக்கு மேலாக டிக்கெட்டை நீட்டுகிறது, அந்தக் கையே அடுத்த கட்டத்துக்கு வழி காட்டுகிறது. நான் திட்டமிடாமல் கிடைத்தது அது.

தம்பியிடம் அதே முறையில் கொடுத்தேன். விரல் எங்கேயும் நிற்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் மட்டும் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில். நான்காம் பக்கத்தில் விரலை வலப்பக்கம் ஓட்டி, வளைவில் 'பாம்ம்ம்' என்று வாயால் சொல்லிக்கொண்டே திருப்பினான். ஐந்தாம் பக்கத்தில் எதுவும் சொல்லவில்லை. ஆறாம் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்ப ஐந்துக்குப் போய், எங்கே சத்தம் நின்றது என்று விரல் வைத்துப் பார்த்தான்.

ஆயாவின் வசனம் "நான் நட்டது" மட்டும்தான். எனக்கு இன்னும் மனம் கேட்கவில்லை, "கமலா மரம்" என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கலாமா என்று இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் பழம் ஆரஞ்சு நிறத்தில் தெரியாதே.

சலங்கைமணி:

பழம் தெரியாவிட்டால் குழந்தையின் கையில் ஒரு பழத்தைக் கொடுங்கள், பாதி உரித்ததாக. சுளை தெரிந்துவிடும். அந்தச் சொல்லுக்கு வேலை இருக்காது.

மிளகுக்கொடி:

உரிக்கட்டும். மூன்றாம் பக்கத்தில் ஆயா கொடுத்த எலுமிச்சம்பழம் இன்னொரு கையில் இருந்தால் இன்னும் நல்லது.

மை போடுமுன் ஒருமுறை இங்கே வந்து லேடீஸ் சீட்டிலிருந்து நேரில் பார்த்துவிடுங்கள். படத்தைப் பார்த்து வரைந்தால் நீட்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் விழுந்துவிடும், இயல்பில் அப்படி இல்லை. பஸ்ஸில் வரும்போது வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள், ஜன்னலில் சமவெளி மாறி மாறித்தான் தெரியும். இரண்டாம் பக்கத்திலிருந்து ஆயாவை எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

குகை_கோடு:

இடப்பக்கம், ஜன்னலோரம் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் அக்கா, தம்பியும் வருகிறான். பனி மூடியிருந்தால் என்ன செய்வது?

மிளகுக்கொடி:

காத்திருங்கள். ஐந்தாம் பக்கத்துக்கு அதையும் வரைந்துகொள்ளலாம்.